பெருக்கினால் மைனஸ் ஒன்று

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில், 1978–81 பி.எஸ்சி. கணித வகுப்பைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படின்னு ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்றார். அதற்கு நான் ஆள் இல்லை என்றேன். "அப்படின்னா உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது ஒரு கணக்கு. அதையும் தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆயிற்று. அதனால் அந்த ஒரு கணக்கை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பிரியாணி ஆறிவிடாது, பயப்பட வேண்டாம்.

இந்த மேடையில் ஒரு கரும்பலகை கேட்டிருந்தேன். கொடுத்திருக்கிறார்கள். இதில் எழுதுகிறேன்:

2எக்ஸ் + 3ஒய் = 7 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (4, 4) என்ற புள்ளி வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு காண்க.

இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருமே பத்தாவதிலோ பதினொன்றிலோ இதைப் போட்டிருப்பீர்கள். காமர்ஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், நீங்களும் பத்தாவது தாண்டித்தான் வந்தீர்கள். எப்படிப் போட்டோம்? சாய்வு கண்டுபிடி. மைனஸ் 2 கீழே 3. அதைத் தலைகீழாகத் திருப்பு, குறியை மாற்று. 3 கீழே 2. ஏனென்றால் செங்குத்துக் கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் மைனஸ் ஒன்று வரவேண்டும். இன்னும் குறுக்கு வழி தெரிந்தவர்கள், எக்ஸுக்கு முன்னால் இருக்கிற எண்ணையும் ஒய்க்கு முன்னால் இருக்கிற எண்ணையும் இடம் மாற்றி, நடுவில் இருக்கும் குறியை மாற்றி, 3எக்ஸ் − 2ஒய் = ஏதோ ஒன்று என்று எழுதிவிடுவார்கள். அந்த ஏதோ ஒன்றுக்கு (4, 4)-ஐப் போட்டால் 12 கழித்தல் 8, நான்கு. விடை: 3எக்ஸ் − 2ஒய் = 4. இரண்டு கோடுகளும் (2, 1) என்ற இடத்தில் சந்திக்கும். மார்க் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம்.

நானும் அப்படித்தான் வீட்டுக்குப் போனேன். முதல் வகுப்பில் பாஸ் செய்து, 1982-இல் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சர்வே உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு கட்டும் வேலை. வரைபடம் ஒரு பழைய மதில் சுவரை அடிப்படையாக வைத்துப் போட்டது. அந்த மதில்தான் எக்ஸ் அச்சு. ஆனால் கிடங்கின் முகப்பு மதிலுக்கு இணையாக இல்லை, பக்கத்துத் தெருவுக்கு இணையாக வரவேண்டும். தெரு மதிலிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறது. இருபது மீட்டர் கிழக்கே நடந்தால் ஒரு மீட்டர் வடக்கே ஏறும். அதாவது சாய்வு 1 கீழே 20. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

முகப்புக்குச் செங்குத்தாக, நாற்பது மீட்டர் நீளத்துக்குப் பக்கச் சுவரின் அடித்தளம். அதற்கு முளை அடித்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. தாளில் கணக்குப் போட்டேன். 1 கீழே 20-ஐத் தலைகீழாகத் திருப்பினால் 20. மூலையிலிருந்து நாற்பது மீட்டர் வடக்கே போய், இரண்டு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து முளை அடிக்க வேண்டும். அடித்தேன். வலது பக்கம் அடித்தேன்.

கணிதக்காரர்கள் சிரிக்கிறார்கள், சரி. மைனஸ் 20. இடது பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். நான் மைனஸை விட்டுவிட்டேன். பரீட்சைத் தாளில் விட்டிருந்தால் அரை மார்க் போயிருக்கும். இங்கே நாற்பதாவது மீட்டரில் முளை நான்கு மீட்டர் தள்ளி நின்றது. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு, ஆக நான்கு. இந்தத் தவறில் ஒரு குயுக்தி உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். கோடு நன்றாகச் சாய்ந்திருந்தால் மைனஸை விட்டது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், வரைந்தாலே கோணலாக இருக்கும். கோடு அச்சுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கும்போதுதான் மோசம். செங்கோணம் மாதிரியே தோன்றும், ஆனால் செங்கோணம் இல்லை. என் கோணம் சுமார் 84 பாகை. ஆறு பாகை வித்தியாசத்தை இருபத்தொரு வயதுப் பையன் வெயிலில் நின்று கண்ணால் கண்டுபிடிக்க மாட்டான்.

காலை ஏழு மணிக்கு ஆறு பேர் பள்ளம் எடுக்க ஆரம்பித்தார்கள். கடல் பக்கத்து மண், மேலே மணல், கீழே ஈரக் களி. மண்வெட்டி ஒட்டிக்கொள்ளும். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் பாதி நீளம் முடித்துவிட்டார்கள். அப்போதுதான் மேஸ்திரி வேறு சைட்டிலிருந்து வந்தார். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில் வீடு. படிப்பு மூன்றாவதோ நாலாவதோ. பள்ளத்தின் மூலையில் நின்றார், ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"இன்னா தம்பி, மூலை மட்டம் பாத்தியா?"

"பார்த்தாச்சு மேஸ்திரி. கணக்குப் போட்டுத்தான் முளை அடிச்சிருக்கேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து நூல் உருண்டையை எடுத்தார். மூலையிலிருந்து முகப்புப் பக்கம் மூன்று மீட்டர் அளந்து ஒரு ஆணி. பள்ளத்து ஓரமாக நான்கு மீட்டர் அளந்து ஒரு ஆணி. இரண்டு ஆணிக்கும் நடுவில் டேப்பை நீட்டி என்னைப் படிக்கச் சொன்னார். ஐந்து மீட்டர் வந்திருக்க வேண்டும். நாலே முக்கால் வந்தது.

"கால் மீட்டர் எங்கேப்பா போச்சு?" என்றார்.

எங்கே போயிற்று என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்த நிமிஷம் உடம்பு ஜில்லிட்டுப் போனதை நாற்பது வருஷம் கழித்தும் மறக்க முடியவில்லை. பிறகு நடந்தது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கணக்கு.

அந்த மேஸ்திரியின் மூன்று–நாலு–ஐந்துக்கும், நம் மைனஸ் ஒன்றுக்கும் என்ன உறவு? அன்று இரவு ராயபுரத்தில் நான் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து இதை யோசித்தேன். மூன்று வருஷம் கணிதம் படித்தவன், அதற்கு முன் யோசித்ததே கிடையாது. பலகையைப் பாருங்கள். ஆதிப்புள்ளி வழியாக இரண்டு கோடுகள். ஒன்றின் சாய்வு பி, இன்னொன்றின் சாய்வு க்யூ. கிடையாக ஓர் அடி போனால் முதல் கோடு பி அடி உயரும், இரண்டாவது க்யூ அடி உயரும். இரண்டு கோட்டிலும் அந்த இடத்தில் ஒவ்வொரு ஆணி அடியுங்கள். ஆதியிலிருந்து முதல் ஆணிக்குத் தூரத்தின் வர்க்கம் 1 + பி². இரண்டாவது ஆணிக்கு 1 + க்யூ². ஆணிகள் இரண்டும் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று இருப்பதால் அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் வெறும் பி − க்யூ.

இப்போது மேஸ்திரியின் நூலைப் பிடியுங்கள். மூலை செங்கோணமாக இருந்தால் இரு பக்க வர்க்கங்களின் கூட்டல் எதிர்ப்பக்கத்தின் வர்க்கம். மூன்றும் நாலும் ஐந்தும் இதற்கு ஓர் உதாரணம், 9 + 16 = 25. இங்கே:

1 + பி² + 1 + க்யூ² = பி² − 2பிக்யூ + க்யூ²

இரண்டு பக்கமும் இருக்கிற பி², க்யூ² அடிபட்டுப் போகும். மிச்சம் 2 = −2பிக்யூ. அதாவது பி பெருக்கல் க்யூ, மைனஸ் ஒன்று. அவ்வளவுதான். நாம் மனப்பாடம் செய்த விதி மேஸ்திரியின் இடுப்பு நூலிலிருந்தே வந்துவிடுகிறது. அவர் ஆணி அடித்துச் சரிபார்த்தார், நாம் எழுத்துப் போட்டுச் சரிபார்க்கிறோம். ஆனால் அவருக்குத் தான் என்ன சரிபார்க்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

இந்த நிரூபணத்தால் எனக்குத் திருப்தி வந்தது. ஆனால் இன்னொருத்தருக்குப் புரிய வைக்க இது போதாது என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காசிமேட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டணம் ஒன்றும் இல்லை, எனக்கும் பொழுது போகவேண்டும். ஒருநாள் இதே பாடம். முன்வரிசையில் ஒரு பெண். அவள் தாத்தா இன்னும் கடலுக்குப் போகிறவர். "சார், தலைகீழா திருப்பறது புரியுது. மைனஸ் எதுக்கு சார்?" என்றாள்.

"அதுதாம்மா ரூல்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் வெட்கமாகப் போய்விட்டது. எந்த மைனஸால் ஆறு பேருடைய அரை நாள் வீணாயிற்றோ, அதே மைனஸை "ரூல்" என்று சொல்லிக் கடத்தப் பார்க்கிறேன்.

மறுநாள் ஓர் அட்டையை வெட்டிக்கொண்டு போனேன். இதோ, அதே அட்டை. இதில் ஒரு படி வரைந்திருக்கிறேன். வலது பக்கம் இரண்டு கட்டம், மேலே மூன்று கட்டம். சாய்வு 3 கீழே 2. இப்போது அட்டையைக் கால் சுற்று இடது பக்கமாகத் திருப்புகிறேன். பாருங்கள். வலது பக்கம் போன இரண்டு இப்போது மேலே போகிறது. மேலே போன மூன்று என்ன ஆயிற்று? இடது பக்கம் சாய்ந்துவிட்டது. வலதுக்குப் போவது கூட்டல் என்றால் இடதுக்குப் போவது கழித்தல். ஆகவே சாய்வு 2 கீழே மைனஸ் 3. தலைகீழாவதும் குறி மாறுவதும் இரண்டு தனித்தனி வேலை இல்லை. ஒரே திருப்பத்தில் இரண்டும் நடக்கிறது. ஏறுகிற கோட்டுக்குச் செங்குத்தான கோடு இறங்கித்தான் ஆகவேண்டும். அந்தப் பெண் அட்டையை வாங்கி நாலு முறை சுற்றிப் பார்த்தாள். நாலாவது சுற்றில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்று சிரித்தாள். அவளுக்குத் தெரியாமலே அவள் தொட்டது வேறொரு பெரிய விஷயம். முதுகலை மாணவர்கள் கலப்பெண்ணில் 'ஐ'யை நான்கு முறை பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அங்கே போகவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. கிடைக்கோட்டுக்கும் நேர்குத்துக் கோட்டுக்கும் இந்தப் பெருக்கல் விதி செல்லாது. ஒய் = 2, எக்ஸ் = 5 இரண்டும் செங்குத்துதான், ஆனால் ஒன்றின் சாய்வு பூஜ்யம், இன்னொன்றுக்குச் சாய்வே வரையறுக்க முடியாது. எதை எதோடு பெருக்குவது? அங்கெல்லாம் எண்களை இடம் மாற்றிக் குறியை மாற்றும் முறைதான் கைகொடுக்கும். அதனால்தான் நான் பிள்ளைகளுக்கு அதையே முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். பாடப்புத்தகம் வேறு வரிசையில் போகிறது, போகட்டும்.

அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் ஒன்று சொன்னாள். "தாத்தா சொல்வார் சார், அலை வரும்போது படகு மூக்கை நேரா அலைக்குக் காட்டணும், பக்கம் காட்டினா கவுத்திடும்னு. அதுவும் செங்குத்துதானே?"

ஆமாம், அதுவும் செங்குத்துதான். அலையின் முகடு ஒரு கோடு, படகு போகும் திசை அதற்குச் செங்குத்து. துறைமுகம் வருவதற்கு முன்னால் சென்னைக்குக் கப்பலில் வந்தவர்களை, ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏற்றி, அலையைக் கிழித்துக்கொண்டு நம்மவர்கள்தான் கரை சேர்த்தார்கள். அவர்கள் ஒவ்வொரு அலைக்கும் இந்தக் கணக்கைத் துடுப்பால் போட்டார்கள்.

அன்றிலிருந்து இந்தக் கணக்கை நம் கடற்கரையிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். வடசென்னையில் கணக்கு என்றதும் எல்லாரும் ராமானுஜனைத்தான் சொல்வார்கள். 1912 மார்ச் முதல் தேதி துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அவர் வேலை பார்த்த அந்தத் துறைமுகமே ஒரு செங்குத்துக் கணக்கு என்பதை யாரும் சொல்வதில்லை.

1876-இல் கட்டத் தொடங்கினார்கள். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியது போல் கல் சுவர்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். அதுவரைக்கும் நம் கரையோரமாக மணல் ஓர் ஆறு போல் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் ஓடியது? இங்கேதான் நம் மைனஸ் ஒன்று வருகிறது. ஆழ்கடலில் அலை எந்தச் சாய்வில் வந்தாலும், ஆழம் குறையக் குறைய அதன் முகடு திரும்பித் திரும்பிக் கரைக்கு இணையாகப் பார்க்கும். முழுக்க இணையாகிவிட்டால் அலை கரைக்கு நேர் செங்குத்தாக வந்து மோதும். மணல் ஏறும், இறங்கும், பக்கத்தில் நகராது. ஆனால் பெரும்பாலும் முழுக்கத் திரும்புவதில்லை, கொஞ்சம் கோணல் மிச்சம் இருக்கும். அலை சாய்வாக ஏறி மணலைத் தூக்கும், தண்ணீர் நேராகச் சரிந்து இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் ஒரு பல்லு மாதிரி, ரம்பம் மாதிரி, பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். பெருக்கினால் மைனஸ் ஒன்று வராத அந்தக் கொஞ்சத்தில்தான் கடற்கரை முழுக்க இடம் பெயர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே வரும். வருஷம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

இந்த மணல் ஆற்றின் குறுக்கே துறைமுகம் கை நீட்டியது. தெற்கே மணல் சேர்ந்தது. மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை மட்டும் வந்துகொண்டே இருந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று வரிசையாகக் கரை அரித்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது, அந்த மணலில் ஒரு பங்கு நம்மூர்க் கரைக்கு வந்திருக்க வேண்டியது என்று எனக்குத் தோன்றும். சுண்டலை வேண்டாம் என்று சொல்வதில்லை, அது வேறு விஷயம்.

கரையைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். பிறகு 2004-ஐ ஒட்டி, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை வடிவமைப்பில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். பெயரில் வளைவு இருந்தாலும், அதன் உடம்பு கரையிலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாகக் கடலுக்குள் போகிற கல் வரிசை. குறைந்த கல்லில் அதிக தூரம் கடலுக்குள் போகவேண்டுமானால் செங்குத்தாகத்தான் போகவேண்டும். சாய்த்துப் போட்டால் அதே கல்லில் ஆழம் எட்டாது.

இதைப் பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்தேன். காசிமேடுதான் ஆதிப்புள்ளி. கிழக்கு எக்ஸ், வடக்கு ஒய். வரைபடத்தில் அளந்தால், எண்ணூர் வரைக்கும் நம் கரை நேர் வடக்கே போவதில்லை. பத்து கிலோமீட்டர் வடக்கே போனால் சுமார் மூன்று கிலோமீட்டர் கிழக்கே நகர்கிறது. அதை ஒரு நேர்கோடாக வைத்துக்கொண்டால் 10எக்ஸ் − 3ஒய் = 0. வடக்கே ஐந்து கிலோமீட்டரில், திருவொற்றியூர்ப் பக்கம், (1.5, 5) என்ற இடத்தில் ஒரு கல் வரிசை போடவேண்டும். எண்ணை இடம் மாற்று, குறியை மாற்று: 3எக்ஸ் + 10ஒய். புள்ளியைப் போடு: 4.5 + 50. ஆக 3எக்ஸ் + 10ஒய் = 54.5.

வகுப்பில் பாதிப் பேர் கல் வரிசையை நேர் கிழக்கே வரைந்திருந்தார்கள். கடல் கிழக்கேதானே இருக்கிறது! விடையைப் பாருங்கள். பத்து மீட்டர் கிழக்கே போனால் மூன்று மீட்டர் தெற்கே இறங்கவேண்டும். மைனஸை விட்டவர்கள் வடக்கே ஏற்றியிருந்தார்கள். அது கரையோடு செங்கோணமே இல்லை, 57 பாகைக்கும் கீழே.

அந்தப் பெண்ணின் தாத்தாவுக்காக இன்னொரு கணக்கு போட்டேன். கடலில் (11.5, 2) என்ற இடத்தில் படகு நிற்கிறது. டீசல் கொஞ்சம்தான் இருக்கிறது. நேர் மேற்கே விட்டால் கரை 10.9 கிலோமீட்டர். கரைக்குச் செங்குத்தாக விட்டால் அதே (1.5, 5)-க்கு வந்து சேரும். தூரம், 100 + 9-இன் வர்க்கமூலம், 10.44 கிலோமீட்டர். கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் மிச்சம். புள்ளியிலிருந்து கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்துத் தூரம் என்று சூத்திரம் படிக்கிறோமே, அது இதுதான். தாத்தாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர், "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு உங்க சார் சொன்னாரா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. என் கணக்கில் காற்று இல்லை.

உண்மையில் கரையும் நேர்கோடு இல்லை. வளைகிறது. வளைந்த இடத்தில் அந்தந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து, அதற்குச் செங்கோடு எடுக்கவேண்டும். பட்ட வகுப்பில் வகைநுண்கணிதத்தில் படிப்பீர்கள். அதைவிட ஆச்சரியம், இரண்டு கல் வரிசைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மணல் சும்மா இருப்பதில்லை. அது மெல்ல மெல்லத் தன் கரைக்கோட்டை வருகிற அலைமுகட்டுக்கு இணையாகத் திருப்பிக்கொள்ளும். திருப்பி முடித்ததும் அலை செங்குத்தாக மோதும், மணல் நகர்வது பெரும்பாலும் நின்றுவிடும். நாம் தாளில் போடும் கணக்கைக் கடல் மணலில் போட்டு முடிக்கிறது. பருவம் மாறினால் அழித்துவிட்டு மறுபடி போடும்.

ஆனால் இதில் ஒரு வம்பும் இருக்கிறது. கல் வரிசைக்குத் தெற்கே மணல் சேர்ந்தால் வடக்கே குறையும். ஒரு குப்பத்துக்குப் போட்டால் அடுத்த குப்பத்தில் கடல் ஏறும். அவர்களும் கேட்பார்கள், அவர்களுக்கும் போட்டால் அதற்கும் வடக்கே. துறைமுகம் நமக்குச் செய்ததைச் சின்ன அளவில் நாமே அடுத்தவருக்குச் செய்கிறோம். செங்குத்துக் கோட்டின் சமன்பாடு சரியாக வந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கோடு எத்தனை, எவ்வளவு நீளம், எந்த இடத்திலிருந்து, யார் வீட்டுக்கு வடக்கே என்பதெல்லாம் அதற்கப்புறம் வருகிற கேள்விகள். இங்கே இருக்கும் தம்பிகள் தங்கைகளில் யாராவது அந்த வேலைக்குப் போவீர்கள். நம்மூர்ப் பிள்ளைகள் போகவேண்டும் என்பது என் ஆசை.

மேஸ்திரி கதையை முடிக்காமல் விட்டேன். அன்று சாயங்காலம் மேற்பார்வையாளர் வந்தார். பள்ளம் படத்தில் இருக்கிற இடத்தில் இல்லை. யார் முளை அடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி, "ராத்திரி எவனோ முளையைப் பிடுங்கி நட்டிருக்கான் சார்" என்று சொல்லிவிட்டார். நான் சும்மா நின்றேன். என் வேலை தப்பித்தது. படத்தில் இல்லாத பள்ளத்துக்குக் கூலி கிடையாது என்று சொல்லி, ஆறு பேருக்கும் பாதி நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள். அவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. முளை அடித்தது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சம்பளம் வந்த சனிக்கிழமை அந்தப் பாதிக் கூலியைக் கணக்குப் பண்ணி எடுத்துக்கொண்டு போனேன். நாலு பேர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்குத்தான் கொடுக்க முடிந்தது. மீதியை மேஸ்திரியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அந்த நாலு பேரையும் பாத்தா குடுக்கறேன்" என்றார். பிறகு அந்த நூல் உருண்டையை எடுத்துக் காட்டி, "நாளைக்கு முளை அடிக்கறப்ப என்னைக் கூப்பிடு. உன் கணக்கை நீ போடு, நான் நூலு பிடிக்கறேன்" என்றார். அந்தக் கிடங்கு முடியும் வரை அப்படித்தான் செய்தோம். நான் மைனஸ் போட்டேனா என்று பார்ப்பது அவர் வேலை. அவருக்கு மைனஸ் என்ற வார்த்தையே தெரியாது.

அவர் வீடு இருந்த இடம் இப்போது கருங்கல் தடுப்புக்கு அந்தப் பக்கம், தண்ணீரில் இருக்கிறது. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் உள்ளே தள்ளிக் குடியேறிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மாலை வகுப்புப் பிள்ளைகளைத் திருவொற்றியூர்க் கடற்கரையில் கல் வரிசை பக்கம் கூட்டிக்கொண்டு போகிறேன். காலை ஆறு மணி, வெயில் ஏறுவதற்குள். பன்னிரண்டு மீட்டர் நூல் ஒன்று, மூன்றாவது மீட்டரிலும் ஏழாவது மீட்டரிலும் முடிச்சு, இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டியது. கரையும் கல் வரிசையும் சேரும் மூலையில் அதை வைத்துப் பார்க்கப் போகிறோம், ஐந்து மீட்டர் வருகிறதா என்று. கல்லூரி மாணவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். கணிதம் படிக்கிறவர்கள் டேப் கொண்டு வாருங்கள். மற்றவர்கள் நூல் பிடித்தால் போதும். திரும்பும் வழியில் டீ என் செலவு.